டப்பாவுக்குள்ளே யாரும் இல்லை!



பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கவோ, பேரனைக் கவனித்துக்கொள்ளவோ இங்கிலாந்து போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வரும் அம்மாக்கள் இப்போது நம்மில் நிறையப் பேர். வாரம் முழுக்க ரசம் வைத்து, குழந்தையைக் குளிப்பாட்டி, ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை சனி, ஞாயிறு வந்தால் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் காட்டுவார்கள். அரண்மனை, மெழுகு பொம்மை, தேம்ஸ் நதி எல்லாம் ஒரு சுற்று முடிந்த பிறகு, "அம்மா, இன்னிக்குக் காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் போகலாமா?" என்பார்கள். லண்டனுக்கு மேற்கே, தேன் நிறக் கல்லால் கட்டிய வீடுகளும் ஆட்டு மந்தைகளுமாக இருக்கிற குன்றுப் பிரதேசம் அது. அதன் ஓரத்தில், குளஸ்டர் நகரத்திலிருந்து ஆறு மைல் தூரத்தில் பெயின்ஸ்விக் என்று ஒரு சின்ன ஊர். அங்கே பார்க்க வேண்டியது என்ன தெரியுமா? கல்லறைத் தோட்டம்!

"நல்லா இருக்கே கதை! அவ்வளவு பணம் குடுத்து ஏரோப்ளேன் ஏறிப் போய் இடுகாட்டையா பாக்கணும்?" என்று ஒரு மாமி என்னிடம் முகத்தைச் சுளித்தார். "வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளிச்சுடுங்க மாமி, ஆனா பாக்காம மட்டும் வந்துடாதீங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இந்தத் தடவை எழுதுகிறேன். இது வெறும் ஊர் பார்க்கிற சமாசாரம் இல்லை. துணி, நூல், பிரசவம், அம்மை, அடுப்பங்கரைக் கல் என்று நமக்குச் சம்பந்தப்பட்ட சங்கதிகள் அங்கே புல்தரையில் வரிசையாக நிற்கின்றன.

செயின்ட் மேரி தேவாலயம் என்பது அந்த ஊர்க் கோவில். கூர்மையான உயர்ந்த கோபுரம். சுற்றிலும் யூ என்ற மரத்தை, நம் ஊர்ப் பூங்காவில் செடியை வெட்டி யானையும் மயிலுமாகச் செய்வார்களே, அந்த மாதிரி வெட்டி வெட்டி பெரிய பெரிய கரும்பச்சை உருண்டைகளாக நிறுத்தியிருக்கிறார்கள். அந்த மரங்களுக்கு நடுவே சாம்பலும் வெண்ணெயும் கலந்த நிறத்தில் கல்லறைகள். பெரும்பாலும் 17, 18-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சில, நீளவாட்டில் வைத்த கல் பெட்டி மாதிரி. சில, உருண்டையாகவும் எட்டுப் பட்டையாகவும் நின்று மேலே ஒரு மூடி போட்டாற்போல் இருக்கும். இந்த இரண்டாவது ரகத்தைத்தான் அந்த ஊர்க்காரர்கள் செல்லமாக 'டீத்தூள் டப்பா' என்கிறார்கள். தேயிலை தங்க விலை விற்ற காலத்தில் பணக்கார வீடுகளில் அதை அழகான சின்னப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். சாவி வீட்டு எஜமானியம்மாளிடம் இருக்கும். அந்தப் பெட்டியின் சாயல் இந்தக் கல்லறைகளுக்கு.

அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால், ஒன்றுமே இல்லை! பெட்டிக் கல்லறையைப் பார்க்கிற யாருக்கும் உடல் அதற்குள் இருப்பதாகத்தான் தோன்றும். இல்லை. உடல் கீழே, மண்ணுக்குள். மேலே நிற்பது செங்கல் அடித்தளத்தின் மேல் நாலு பக்கமும் கல் பலகைகளைக் கூட்டி, மேலே ஒரு கனத்த மூடுகல்லை வைத்த வெற்றுக் கூடு. பெயர் எழுதவும், பூ வேலை செய்யவும், 'இன்னார் குடும்பம் இவ்வளவு வசதி' என்று நாலு பேருக்குக் காட்டவும்தான் அந்தக் கூடு. ஒரே கல்லறையில் தாத்தா, மகன், மருமகள், பேரக்குழந்தை என்று மூன்று தலைமுறைப் பெயர்கள் இருப்பதும் உண்டு.

வேலைப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இரண்டு கன்னமும் உப்பிய குழந்தை முகம், கழுத்துக்குக் கீழே உடம்புக்குப் பதிலாக இரண்டு சிறகுகள். இது தேவதூதக் குழந்தை. மண்டை ஓடு, மணல் கடிகாரம். இவை 'உனக்கும் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது' என்று எச்சரிக்க. சுருள் சுருளாக இலைகள், பழக் கொத்துகள், பூச்சரங்கள். சில பெட்டிகளின் இரண்டு முனைகளும் யாழ் மாதிரி வளைந்திருக்கும். பழைய கல்லறைகளில் மண்டை ஓடு அதிகம். 18-ம் நூற்றாண்டு நகர நகர குழந்தை முகங்களும் பூக்களும் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இவற்றில் பலவற்றைச் செதுக்கியவர்கள் அந்த ஊரிலேயே இருந்த பிரையன் என்ற கல்தச்சர் குடும்பத்தார். அவர்களில் ஜான் பிரையன் 1787-ல் காலமானார். ஊருக்கெல்லாம் பூவும் குழந்தையுமாகச் செதுக்கிக் கொடுத்தவருக்கு அதே தோட்டத்தில் என்ன கல்லறை என்று நினைக்கிறீர்கள்? எகிப்து பிரமிட்! ஆடம்பரம் இல்லாத கூம்பு. வீடு வீடாகப் போய் லட்டு பிடிக்கிறவருக்கு வீட்டில் ரசம் சாதமே தேவாமிர்தம் என்பார்களே, அந்தக் கதைதான்.

இவ்வளவு நுணுக்கமாகச் செதுக்க முடிந்ததற்குக் காரணம் அந்தக் கல். அது சுண்ணாம்புக் கல். கிட்டத்தட்ட 17 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பிரதேசம் ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலாக இருந்தபோது உண்டானது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மீன் முட்டைகளைக் கொட்டி அழுத்தினாற்போல் உருண்டை உருண்டையாகத் தெரியும். வெட்டி எடுத்த புதிதில் ஈரத்தோடு மெத்தென்று இருப்பதால் உளிக்கு வழிவிடும். காற்றுப் பட்டு ஈரம் காய்ந்த பிறகு மேல் பரப்பு இறுகும். நம் ஊர்க் கருங்கல்லில் இந்தச் சுருளை எடுக்க வேண்டுமானால் சிற்பி படும் பாடு வேறு. ஆனால் லேசாகச் செதுக்கக் கிடைத்தது லேசாகக் கரையவும் செய்யும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? கம்பளியிலிருந்து! பெயின்ஸ்விக்கும் பக்கத்திலுள்ள ஸ்ட்ரவுட் பள்ளத்தாக்கும் ஆட்டு ரோமத்தால் வாழ்ந்த ஊர்கள். ஓடைத் தண்ணீரில் சக்கரம் சுற்றி, அந்தச் சக்கரம் மரச் சம்மட்டிகளைத் தூக்கிப் போட, நெய்த கம்பளித் துணியை நனைத்து நனைத்து அடித்து இறுக்குவார்கள். இங்கே சாயமேற்றிய சிவப்புக் கம்பளித் துணி பட்டாளத்துக்காரர்களின் சட்டைக்குப் பேர் போனது. கிழக்கிந்தியக் கம்பெனி குளஸ்டர்ஷயர் கம்பளியை மூட்டை மூட்டையாக வாங்கி நம் நாட்டுக்கும் கப்பலேற்றியது. சென்னை வெயிலுக்குக் கம்பளி! அவர்கள் நம்மிடம் வாங்கிய துணிக்கு இருந்த கிராக்கி அவர்கள் துணிக்கு இங்கே இல்லாமல் போனதில் என்ன ஆச்சரியம்?

ரோமத்தை வாங்கி, நூற்கக் கொடுத்து, நெய்யக் கொடுத்து, சாயம் போட்டு விற்கிற முதலாளிகள்தான் இந்தக் கல்லறைகளில் பெயர் போட்டுக்கொண்டவர்கள். நூற்றவர்கள் யார்? பெண்கள். 1760-களில் நூற்பு இயந்திரம் வரும்வரை நூல் முழுக்கக் கையால், ராட்டையால் நூற்றதுதான். ஒரு நெசவாளி சும்மா இல்லாமல் தறி ஓட்ட வேண்டுமானால் நாலைந்து பேராவது அவனுக்காக நூற்றுக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்பில் கஞ்சி கொதிக்க, தொட்டிலைக் காலால் ஆட்டிக்கொண்டு நூற்றவர்கள் அவர்கள். கூலி சொற்பம். ஆங்கிலத்தில் கல்யாணம் ஆகாத பெண்ணை 'ஸ்பின்ஸ்டர்' என்பார்கள், கேட்டிருப்பீர்கள். அதன் பழைய அர்த்தம் 'நூற்கிறவள்', அவ்வளவுதான். ஒரு பெண் என்றால் நூற்கிறவள் என்று அவ்வளவு நிச்சயமாக இருந்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் திருமணப் பதிவேடுகளில் 2005 வரை அந்த வார்த்தை இருந்தது.

அந்த நூற்கிறவளுக்கு இங்கே கல் கிடையாது. அவளும் இதே தோட்டத்தில்தான் அடங்கியிருக்கிறாள். ஊர்க் கோவில் மண் எல்லோருக்கும் பொது. ஆனால் கல் வாங்கக் காசு இல்லாதவர்களுக்கு மண் மேடு. அதிகம் போனால் மரத்தில் ஒரு குறி. மரம் மக்கிப் போகும், மேடு சமமாகிவிடும், அதே இடத்தில் இன்னொருவரைப் புதைப்பார்கள். செதுக்கிய பெட்டிகளுக்கு இடையே வெறும் புல்லாகத் தெரிகிறதே, அதைக் காலி இடம் என்று நினைத்துவிடாதீர்கள். என்னைக் கேட்டால் அங்கே பார்க்க வேண்டியதில் பாதி அந்தப் புல்தான்.

கல் கிடைத்த பெண்களின் கதையும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய விதவை' என்பதுதான் முகவரி. கணவர் பெயருக்குப் பக்கத்தில் அவர் தொழில், ஊரில் அவர் பெற்ற மரியாதை. அவளுக்கு வயதும் தேதியும். முப்பதைத் தொடுமுன் இறந்த மனைவிகளின் பெயர்கள் இங்கிலாந்தின் எந்தப் பழைய கல்லறைத் தோட்டத்திலும் கண்ணில் படும். காரணம் எழுதியிருக்காது. கீழேயே 'மேற்படியார் குழந்தை' என்று நாட்கணக்கில் வயது போட்ட ஒரு வரி இருந்தால் நமக்கு எழுதிக் காட்ட வேண்டுமா என்ன? அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றைம்பதுக்கு மேல் முதல் பிறந்த நாளைப் பார்க்கவில்லை. ஒரு வீட்டில் மேரி என்ற குழந்தை இறந்தால் அடுத்துப் பிறந்ததற்கும் மேரி என்றே பெயர் வைப்பது அங்கே சாதாரணம். ஒரே கல்லில் இரண்டு மேரிகள், ஒரே தகப்பன் பெயரோடு இருந்தால் எழுத்துப் பிழை என்று நினைக்காதீர்கள்.

அம்மை நோய் வாரிக்கொண்டு போன குழந்தைகள் அதில் எத்தனையோ. இதே குளஸ்டர்ஷயரில், பெர்க்லி என்ற ஊரில்தான் எட்வர்ட் ஜென்னர் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். 1796-ல் பால்காரப் பெண் சாரா நெல்ம்ஸ் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்து, எட்டு வயதுப் பையன் ஜேம்ஸ் பிப்ஸுக்குக் குத்தியதுதான் முதல் அம்மை குத்தலின் கதை. 1980-ல் பெரியம்மை உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்களே, அதன் வேர் இந்த மாவட்டத்து மண்ணில். காரில் போகிறவர்கள் பெர்க்லியையும் பார்த்துவிட்டு வரலாம், பெரிய தூரமில்லை.

துணி விஷயத்துக்குத் திரும்புகிறேன். கம்பளி வியாபாரம் படுத்துவிடக் கூடாதே என்று அந்த நாட்டு பார்லிமெண்ட் ஒரு விசித்திரச் சட்டம் போட்டது. 1666-ல் முதலில் போட்டு, 1678-ல் இறுக்கினார்கள். என்ன சட்டம்? செத்தவர்களை உள்நாட்டுக் கம்பளித் துணியில்தான் சுற்றிப் புதைக்க வேண்டும். லினன் கூடாது, பட்டு கூடாது, லேஸ் கூடாது. கொள்ளை நோயில் செத்தவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. கம்பளிதான் போட்டோம் என்று எட்டு நாளுக்குள் சத்தியப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். மீறினால் ஐந்து பவுன் அபராதம். ஒரு கூலிக்காரருக்கு அது பல மாதச் சம்பளம். அபராதத்தில் பாதி ஊர் ஏழைகளுக்கு, பாதி துப்புக் கொடுத்தவருக்கு. பணக்கார வீட்டம்மாக்கள் விட்டுவிடுவார்களா? 'என் அம்மாவை லினனில்தான் அனுப்புவேன்' என்று முடிவு செய்துவிட்டு, தங்கள் மனிதர் ஒருவரையே அதிகாரியிடம் போய்த் துப்புக் கொடுக்கச் சொல்வார்களாம். பாதி அபராதம் வீட்டுக்கே திரும்பி வந்துவிடும்! இந்தச் சட்டத்தை ரத்து செய்தது 1814-ல்தான். அதற்கு வெகு நாள் முன்பே யாரும் அதை மதிக்கவில்லை.

செத்தவர்களை விடுங்கள். உயிரோடு இருந்த பெண்களையும் விட்டுவைக்கவில்லை. அப்போது இங்கிலாந்துப் பெண்களுக்கு நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன பூப்போட்ட பருத்தித் துணி என்றால் உயிர். துவைத்தாலும் சாயம் போகாது, உடம்புக்கு லேசு, பார்க்க அழகு. கம்பளியும் பட்டும் நெய்கிறவர்கள் வயிற்றில் அடித்தது அது. 1700-ல் நம் அச்சடித்த துணிகளை இறக்குமதி செய்யத் தடை போட்டார்கள். அதுவும் போதாமல் 1719-ல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் போன பெண்களின் மேல் பாய்ந்து பருத்தி உடுப்பைக் கிழித்தார்கள், மையை வீசினார்கள், அமிலத்தைக்கூட வீசினார்கள். 1721-ல் அவற்றை உடுத்தவே தடை. அது 1774 வரை நீடித்தது. நெசவாளி வயிற்றுப்பாட்டுக்கு அழுதது எனக்குப் புரிகிறது. ஆனால் வயிற்றெரிச்சலைக் காட்ட எல்லாக் காலத்திலும் கிடைப்பது தெருவில் தனியாகப் போகிற பெண்தானா? பெயின்ஸ்விக் முதலாளிகள் தங்கள் பெட்டிகளைச் செதுக்கிக்கொண்டதும் இதே வருஷங்களில்தான். புலிக்காட்டிலும் மசூலிப்பட்டணத்திலும் சாயம் தீட்டியவர்களின் கதைக்கும் இந்தச் சிறகு முளைத்த குழந்தை முகங்களுக்கும் இப்படி ஒரு முடிச்சு இருக்கிறது.

ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் பர்ஃபோர்ட் என்று இன்னொரு கம்பளி ஊர். அங்கே கல்லறைப் பெட்டியின் மேல் அரை உருளை வடிவில், வரி வரியாகப் பள்ளம் போட்ட கல். கட்டி வைத்த கம்பளிப் பொதி என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். சவப்பெட்டியின் மேல் துணி போர்த்த வைக்கும் வளைந்த சட்டத்தின் உருவம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் திருத்துகிறார்கள். அவர்கள் சொல்வதே சரியாக இருக்கலாம். பொதிதான் நன்றாக இருக்கிறது!

இனி அந்த யூ மரங்கள். பெயின்ஸ்விக்கில் 99 மரங்கள்தான் நிற்கும், நூறாவதைச் சாத்தான் வளரவிடமாட்டான் என்பது ஊர்க் கதை. எண்ணிப் பார்த்தால் நூறைத் தாண்டிவிடுகிறது. 2000-ம் ஆண்டின் நினைவாக இன்னொன்றையும் நட்டுவிட்டார்கள், சாத்தான் வாயைத் திறக்கவில்லை. செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகள் தலையில் பூச்சூடி, கைகோர்த்து தேவாலயத்தைச் சுற்றி வளையமாக நின்று பாடுவார்கள். தாய்வீட்டைக் கட்டிக்கொள்வது போல் கோவிலையே கட்டி அணைத்துக்கொள்கிற சடங்கு. பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

பேரக்குழந்தையைக் கூட்டிப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். யூ மரத்தில் சிவப்பாக, குட்டி ஜெல்லி மிட்டாய் மாதிரி பழம் தொங்கும். அந்தச் சிவப்புச் சதையைத் தவிர விதை, இலை, பட்டை எல்லாமே கொடிய விஷம். குதிரையும் மாடும் தின்று செத்திருக்கின்றன. குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் 'கொஞ்சம்தானே' என்று இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதே விஷ மரந்தான் மருந்தும். மார்பகப் புற்று நோய்க்கும் சினைப்பைப் புற்று நோய்க்கும் டாக்டர்கள் கொடுக்கிற பாக்லிடாக்செல் என்ற மருந்தை முதலில் அமெரிக்க யூ மரத்தின் பட்டையிலிருந்து எடுத்தார்கள். ஒரு பெண்ணுக்கு மருந்து வேண்டுமானால் மரத்தையே கொல்ல வேண்டும் என்ற நிலைமை. பிறகு ஐரோப்பிய யூவின் இலையில் கிடைக்கும் ஒரு பொருளிலிருந்து அதைத் தயாரிக்கக் கற்றுக்கொண்டார்கள். இலை என்றால் வெட்ட வெட்டத் துளிர்க்குமே! இங்கிலாந்துத் தோட்டங்களில் யூ வேலியை வெட்டிய கழிவைச் சேகரித்து மருந்துக்கு அனுப்பியதும் உண்டு.

இப்போது நான் பிறகு சொல்வதாகச் சொன்ன விஷயம். இந்தக் கல்லறைகள் மெள்ள மெள்ளக் கரைந்துகொண்டிருக்கின்றன. சுண்ணாம்புக் கல்லுக்குப் புளிப்பு ஆகாது. நம் வீட்டு அடுப்பங்கரையில் கருப்புக் கடப்பைக் கல் போட்டிருந்தால் எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறந்த இடத்தைப் பாருங்கள், மங்கிப் போய் ஒரு வட்டம் விழுந்திருக்கும். கடப்பையும் சுண்ணாம்புக் கல் இனந்தான். அங்கே இருநூறு வருஷம் நிலக்கரிப் புகை வானத்தில் கலந்து மழையோடு புளிப்பாக இறங்கியது. மூக்கும் கண்ணும் மழுங்கி, எழுத்துகள் ஆழம் குறைந்து, 'மனைவி' என்ற வார்த்தை மட்டும் மிஞ்சி பெயர் போய்விட்ட கல்லும் உண்டு.

மழையைவிட மோசமான எதிரி உள்ளேயே இருக்கிறது. பெட்டியின் பலகைகளைப் பிரியாமல் பிடித்துக்கொள்ள அந்தக் காலத்தில் இரும்புக் கவ்வு போட்டார்கள். தண்ணீர் புகுந்தால் இரும்பு துரு ஏறும். துரு ஏறிய இரும்பு பருத்து உப்பும். உப்பினால் கல் வெடிக்கும். நம் மொட்டைமாடி சன்ஷேடில் கம்பி துருப்பிடித்து காரை பொத்பொத்தென்று விழுகிறதே, அதே வியாதி. போதாததற்கு நடுவில் வந்த சிலர் நல்லெண்ணத்தோடு சந்துகளில் சிமெண்டைப் பூசிவிட்டார்கள். சிமெண்ட் கல்லைவிடக் கெட்டி. ஈரத்தை வெளியே விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் மெத்தென்ற கல்லின் வழியாக வெளியே வந்து அதைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். இன்று பழுது பார்க்கிறவர்கள் இரும்பை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகுக் கவ்வு போட்டு, பழையபடி சுண்ணாம்புக் காரையே பூசுகிறார்கள். நம் பாட்டன்மார் வீட்டுச் சுவருக்குப் பூசியதுதான். மட்டம் என்று ஒதுக்கியதைத் தேடிப் போய் வாங்குகிறார்கள்!

கல்லின் மேல் மஞ்சளும் வெள்ளையும் சாம்பலுமாக வட்ட வட்டமாக ஒட்டியிருக்கும். அழுக்கு என்று நினைத்து சுரண்டத் தோன்றும். சுரண்டாதீர்கள். அது நம் அஞ்சறைப் பெட்டியில், செட்டிநாட்டுக் குழம்புக்குத் தாளிக்க வைத்திருக்கிறோமே கல்பாசி, அந்தக் குடும்பம். பூஞ்சையும் பாசியும் ஒன்றாகச் சேர்ந்து கூட்டுக் குடித்தனம் நடத்துகிற உயிர். இங்கிலாந்துக் கல்லறைத் தோட்டங்களில் மட்டும் எழுநூறுக்கு மேற்பட்ட வகைகளைக் கண்டிருக்கிறார்கள். சில வகை வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. கல்லில் தேதி இருப்பதால், 'இந்த வட்டத்துக்கு இத்தனை வயதுக்கு மேல் இருக்க முடியாது' என்று கணக்குப் போட முடிகிறது. உங்கள் உள்ளங்கை அகல வட்டம் ஒன்று, அந்த வீட்டு மூன்று தலைமுறையைப் பார்த்திருக்கும். அதைச் சுரண்டினால் கல்லின் மேல் தோலும் சேர்ந்து வந்துவிடும். கம்பி பிரஷ், ஆசிட், ப்ளீச்சிங் தண்ணீர் மூன்றும் பழைய கல்லுக்கு விஷம். நம் வீட்டுக் கொல்லையில் பாட்டி காலத்து ஆட்டுக்கல் கிடந்தாலும் வெறும் தண்ணீரும் தேங்காய் நாருமே போதும்.

பழுது பார்க்கப் பணம் யார் போடுவது? சட்டப்படி அந்தக் கல் இறந்தவரின் வாரிசுகளுக்குச் சொந்தம். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின ஜவுளி முதலாளியின் வாரிசு இன்று எந்த நாட்டில் இருக்கிறாரோ! எனவே பொறுப்பு அந்தச் சின்ன ஊர்க் கோவிலின் தலையில் விழுகிறது. அரசாங்கப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பவை என்பதால் நினைத்தபடி கை வைக்கவும் முடியாது. மேலிடத்து அனுமதி வேண்டும், பழக்கப்பட்ட கல்தச்சர் வேண்டும். தொழில் 19-ம் நூற்றாண்டில் யார்க்ஷயர் ஆலைகளுக்குப் போய், ஊர் ஏழையாகிவிட்டதால்தான் இடித்துப் புதிதாகக் கட்டப் பணமின்றி இந்தப் பழசெல்லாம் தப்பின என்பார்கள். அந்த ஏழ்மை காப்பாற்றியதை இன்றைய பற்றாக்குறை விட்டுவிடாமல் இருக்க வேண்டும். எனக்கு ஒரு தரப்பாகச் சொல்லச் சொன்னால், பூ வேலையைச் சரிசெய்வதற்கு முன் எழுத்துகளைப் படித்து எழுதி வைத்துவிட வேண்டும் என்பேன். பூவை இன்னொரு கல்தச்சர் பார்த்துச் செதுக்கலாம். இருபத்தாறு வயதில் போனவளின் பெயரை யார் திரும்பச் செதுக்குவது?

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். லண்டன் பாடிங்டனிலிருந்து ஸ்ட்ரவுட்டுக்கு ரயில் இருக்கிறது. அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம். மங்கிய எழுத்தைப் படிக்க சாக்பீஸ் தேய்க்காதீர்கள், மாவு தூவாதீர்கள். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது எழுத்து தானே எழும்பி வரும். இல்லாவிட்டால் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் போதும். பெட்டியின் மேல் உட்கார்ந்து போட்டோ எடுப்பது, குழந்தையை ஏற்றி நிறுத்துவது வேண்டாம். மேலே சொன்ன துருப்பிடித்த கவ்வு எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று வெளியே தெரியாது, மூடுகல் மிகவும் கனம். புல் எப்போதும் ஈரமாக இருக்கும், வழுக்கும். சேலையைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டிக்கொண்டு, கால் மூடிய ரப்பர் அடி ஷூ போட்டுக்கொண்டு போங்கள். முழங்கால் வலிக்காரர்கள் உட்கார பெஞ்ச் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. ஃபிளாஸ்கில் காபி எடுத்துப் போக மறந்துவிடாதீர்கள்.